விமானச் சத்தத்துக்கு உலை

வில்லாபுரத்தைத் தாண்டி அவனியாபுரம் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே எங்கள் வீடு. விமான நிலையத்துக்குப் பக்கத்திலா என்று கேட்பவர்கள், நான் ஏதோ பங்களா கட்டிக் குடியிருப்பவன் என்று நினைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அந்தச் சங்கடம் தெரியும். அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்களில் யார் வெளிநாடு கிளம்பினாலும் முதல் நாளே பெட்டியோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிடுவார்கள். போகிறவர் ஒருவர், வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள். அத்தனை பேருக்கும் டீ, இட்லி, பாய், தலையணை. விமானம் ஏறுகிறவர் பாட்டுக்குப் போய்விடுவார். வேனில் வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு, "உங்க வீடு இருக்கப்போயி அலைச்சல் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அலைச்சல் முழுக்க எனக்குத்தான்.

வியாழக்கிழமை விமானம் என்றால் இன்னும் விசேஷம். வியாழன் தெற்கே சூலம். அந்தத் திசையில் பயணம் ஆகாது. அலங்காநல்லூரிலிருந்து பார்த்தால் விமான நிலையம் தெற்கே இருக்கிறது. தலையில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டு போனால் பரிகாரம் ஆகிவிடும் என்றாலும், எதற்கு வம்பு என்று புதன்கிழமையே புறப்பட்டு எங்கள் வீட்டில் தங்கி, மறுநாள் போவார்கள். எங்கள் வீட்டிலிருந்தும் விமான நிலையம் தெற்கேதானே இருக்கிறது என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அம்மா என்னை முறைத்தாள்.

"பாதித் தூரம் வந்தாச்சுல்ல? சூலம் அங்கயே நின்னுக்கிரும். நீ போயி பால் வாங்கிட்டு வா."

அம்மாவிடம் எல்லாச் சிக்கலுக்கும் இப்படி ஒரு தீர்ப்பு இருந்தது.

நான் வேலை பார்ப்பதும் விமான நிலையத்தில்தான். அதையும் ஜனங்கள் தப்பாகவே புரிந்துகொள்வார்கள். ஓடுபாதையை நீட்டப் போகிறார்களாமே, எங்கள் தெரு போய்விடுமா, இடத்தை இப்போது விற்கலாமா வேண்டாமா என்று டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். நான் பேப்பரில் படிப்பதைத்தான் அவர்களும் படிக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பயணிகள் போகும் கண்ணாடிக் கட்டடத்துக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும் சரக்கு ஷெட். அங்கே ஒரு கம்பெனியில் குமாஸ்தா. பெட்டியை எடை போடுவது, சீட்டு ஒட்டுவது, கையெழுத்து வாங்குவது. போகிற சரக்கில் பெரும்பாலும் பூ. தெர்மக்கோல் பெட்டியில் ஐஸ் வைத்து அடைத்த மல்லிகை மொட்டு. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தால் கல்யாண மண்டப வாசனை அடிக்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கை இழுத்து இழுத்து அனுபவிப்பார்கள். எனக்கு அந்த வாசனை அலுத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. வீட்டில் மல்லிகை வைத்தால் தலைவலிக்கிறது என்பேன். என் மனைவி கனகாம்பரத்துக்கு மாறிக்கொண்டாள்.

வருகிற சரக்கில் சில நாள் நீளமான பெட்டி ஒன்று இருக்கும். அதில் என்ன என்று எங்கள் ஷெட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய் நெஞ்சுவலியிலோ விபத்திலோ இறந்துபோனவர்கள். கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸும் வேனும் நிற்கும். அண்ணனோ தம்பியோ கையெழுத்துப் போட உள்ளே வருவார். எங்கே போடணும் என்று கேட்பார். நான் விரல் வைத்துக் காட்டுவேன். போட்டு முடித்ததும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "சார், மொகம் பாக்கலாம்ல?" பார்க்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள் என்பேன். சிலரிடம் அப்படிச் சொல்ல முடியாது. அந்த மாதிரி நாட்களில் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொள்வேன்.

என் தம்பி துபாயில் ஏசி மெக்கானிக். எனக்கும் அவனுக்கும் பத்து வயதுக்கு மேல் வித்தியாசம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். போன தடவை லீவில் வந்தபோது மொட்டை மாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பளீரென்று பச்சைப் பெயிண்ட் அடித்தான். எதற்கடா இந்தக் கூத்து என்று கேட்டேன். "மேல இருந்து பாத்தா நம்ம வீடு தெரியணும்ணே" என்றான். பெயிண்ட் அடித்த கையோடு அம்மாவையும் மாடிக்குக் கூட்டிவந்து காட்டினான். அவள் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணி கசக்காதுல்ல என்று மட்டும் கேட்டாள்.

அவன் வரும் நேரடி விமானம் சாயங்காலம் இறங்கும். ஓடுபாதை எங்கள் வீட்டுக்குத் தெற்கே கிழமேலாக நீண்டு கிடக்கிறது. விமானம் எங்கள் தலைக்கு மேல் வராது; ஒதுங்கித்தான் இறங்கும். ஆனால் சத்தம் தெருவுக்குள் நன்றாகவே வரும். பாத்திர அலமாரியில் தட்டுகள் லேசாக ஆடும். அந்தச் சத்தத்துக்குத்தான் அம்மா உலை வைப்பாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் வரும் நாளில் காலையிலேயே குழம்பு கொதித்துவிடும், மீன் வறுபட்டுவிடும். அரிசியை மட்டும் களைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சத்தம் கேட்டதும் அடுப்பைப் பற்றவைப்பாள். விமானம் இறங்கி, அவன் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பெட்டி எடுத்து, கஸ்டம்ஸில் நின்று, நான் அவனைக் காரில் ஏற்றி வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்கும் அவள் சோறு வடித்து நிமிர்வதற்கும் சரியாக இருக்கும். வீட்டில் குக்கர் இருந்தது. அவன் வருகிற அன்று அதைத் தொடமாட்டாள். குக்கர் சோறு அவனுக்குச் சேராதாம். துபாயில் அவன் பாதி நாள் காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டு கிடந்ததை நாங்கள் அவளிடம் சொன்னதே இல்லை.

சொந்தக்காரர்கள் மத்தியில் இது பெரிய கேலி. உலை வைத்தாயிற்றா, அப்படியானால் ஆள் வந்தாயிற்று என்று வேனில் வருபவர்கள் சிரிப்பார்கள். யாரோ தலைவர் வந்து இறங்கிய ஹெலிகாப்டர் சத்தத்துக்குக்கூட ஒருமுறை அம்மா திடுக்கிட்டு எழுந்து அரிசிப் பானையைத் தொட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கேலி பேசிப் பேசியே எங்கள் சனத்துக்குள் அது ஒரு சட்டமாகிவிட்டது. சத்தம் கேட்டால் ஆள் வந்துவிட்டான்.

அம்மா போன கோடையில் இறந்தாள். கொஞ்ச நாளாகவே உடம்பு முடியாமல்தான் இருந்தாள். ஆனாலும் இன்றைக்கு என்று யாரும் நினைக்கவில்லை. காலையில் காப்பி கொண்டுபோன என் மனைவி டம்ளரோடு திரும்பி வந்து என் தோளைத் தொட்டாள். நான் போய் அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

தம்பிக்குப் போன் செய்தேன். அங்கே இன்னும் விடியவில்லை. அந்த நேரத்தில் நான் வேறெதற்கும் கூப்பிடுவதில்லை என்பதால் எடுத்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அழுது முடித்துவிட்டு ஒன்றைத்தான் சொன்னான்.

"அண்ணே, இன்னைக்கு ப்ளைட்லயே வாரேன். நான் வார வரைக்கும் எடுத்துராதீங்க. மொகத்த ஒரு தடவ பாத்துருறேன்."

"வாடா. நீ வராம யாரு எடுக்கப் போறா?" என்றேன்.

முகம் பார்ப்பது மட்டுமில்லை. எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன். அப்பா இறந்தபோது மொட்டை போட்டு, சுடுகாட்டில் நீர்க்குடம் சுமந்து உடைத்தவன் நான். அம்மாவுக்கு அவன்தான் சுமக்க வேண்டும். அவன் பிறந்த அன்றே முடிவான விஷயம் அது. எனக்கும் அம்மாவுக்கும் சண்டை வரும்போதெல்லாம், "எனக்குக் குடம் தூக்கப் போறவன் அவன். நீ பேசாத" என்று வாயை அடைப்பாள். எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். எரிச்சலை மறைக்கவும் மாட்டேன்.

எப்படியோ அவனுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. விமானம் அங்கிருந்து கிளம்பிவிட்டதையும் கைப்பேசியில் பார்த்துவிட்டேன். சரக்கு ஷெட்டில் என்னோடு வேலை பார்க்கும் நண்பரைக் கூப்பிட்டு, விமானம் தரையைத் தொட்டதும் எனக்கு ஒரு போன் அடி என்று சொல்லி வைத்தேன்.

மத்தியானத்துக்குள் அலங்காநல்லூர்ச் சனம் வந்து இறங்கியது. அன்றைக்கும் வேன். அன்றைக்கும் டீ, கடையிலிருந்து. முதலில் இறங்கியவர் எங்கள் தாய்மாமன். அம்மாவுக்கு நேர் இளையவர். அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மஞ்சப்பையில் வைத்து நெஞ்சோடு பிடித்திருந்தார். வாசலில் ஐஸ் பெட்டிக்குள் அம்மாவைக் கிடத்தியிருந்தோம். கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எம்புட்டு நேரம் வச்சிருக்கப் போறீங்க மாப்ள?"

"தம்பி வரணும் மாமா. சாயங்கால விமானம்."

"பொழுது சாயறதுக்குள்ள கொண்டுபோயிரணும். இருட்டக் கூடாது. அவன் வந்த கையோட நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டிக் கெளம்பிருவோம்."

நீர்மாலை என்பது சொந்தக்காரர்கள் மேளத்தோடு போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து இறந்தவரைக் குளிப்பாட்டுவது. அதற்குப் பிறகு எதுவும் நிற்காது. குளிப்பாட்டிக் கோடி போர்த்திவிட்டால் மறுபடி ஐஸ் பெட்டியில் வைப்பது கிடையாது. வாசலை விட்டு எடுத்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் அவன் வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று பேசி வைத்தோம். மாமாவும் சரி என்றுதான் சொன்னார்.

தெருவை அடைத்து நீலத் தார்ப்பாயில் பந்தல் போட்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பியது. கோடை மழைக்கு முன்னால் வருகிற புழுதிக் காற்று. தெருவில் கிடந்த காகிதமும் மாலை உதிரியும் சுழன்று சுழன்று வந்து எங்கள் காலடியில் ஒதுங்கின. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. பந்தல்காரர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, காத்து தூக்கிரும்போல. மேல்பாய மட்டும் அவுத்துரவா? கம்பு நிக்கட்டும்."

எனக்கு அதற்குள் அன்றைக்கு எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லிச் சலித்துப்போயிருந்தது. மழை வந்தால் இத்தனை சனமும் எங்கே ஒதுங்கும், இன்னும் இரண்டு கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி மூலைக்கு மூலை முடிச்சுப் போட்டார்.

வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வரும்போது சத்தம் கேட்டது. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் மீறிக் கேட்டது. கூட்டத்தில் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் தெற்கே திரும்பியது. வீடுகள் மறைத்ததால் விமானம் கண்ணில் படவில்லை. சத்தம் பெரிதாகி, பிறகு குறைந்து, அடங்கியது. எப்போதும் இறங்கும்போது அப்படித்தான் அடங்கும்.

"வந்துட்டான்யா" என்று மாமா எழுந்தார். "குடத்த எடுங்கப்பா. அவன் வந்து சேருறதுக்கும் இங்க முடியிறதுக்கும் சரியா இருக்கும்."

"இருங்க மாமா, ஒரு போன் வரட்டும்" என்றேன்.

"போன் என்னத்துக்கு? எங்கக்கா இந்தச் சத்தத்துக்குத்தான உலை வைப்பா? என்னைக்காச்சும் சோறு கொழஞ்சிருக்கா?"

ஒரு நாளும் குழைந்ததில்லை. மேற்கே மழை இருட்டிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் அவசரமாக இருந்தது. மேளக்காரர்கள் முன்னால் போக, குடங்கள் தெருக்கோடி அடிகுழாய்க்குப் போயின. நான் கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அது ஒலிக்கவில்லை. நண்பர் வேலையில் இருப்பார், மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் வந்தது. அம்மாவைப் பெட்டியிலிருந்து எடுத்து பெஞ்சில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றிலும் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, என் மனைவியும் மற்றவர்களும் குளிப்பாட்டினார்கள். மஞ்சள் பூசினார்கள். மாமாவின் கோடிச் சேலையைப் போர்த்தினார்கள். மறைப்பை விலக்கியபோது அம்மா எங்கேயோ கல்யாணத்துக்குக் கிளம்புகிற முகத்தோடு இருந்தாள். அவன் வருகிற நேரம்தான் என்று எல்லாரும் தெருமுனையைப் பார்த்தோம். அப்போது இரண்டாவது தடவை சத்தம் கேட்டது.

இந்தத் தடவை தெற்கே இல்லை. மேலே. பந்தலுக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே ஓடிவந்து நிமிர்ந்து பார்த்தோம். விமானம் தாழப் பறந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, எங்கள் தெருவின் மேலேயே வடக்கே திரும்பியது. எங்கள் தெருவுக்கு மேல் அத்தனை தாழ்வாக விமானம் வந்து நான் பார்த்ததே இல்லை. அது வந்த வேகத்தில் மேகத்துக்குள் ஏறிப் போனது. யாரும் சொல்லாமலே மேளம் நின்றுவிட்டது. அந்த அமைதியில் என் கைப்பேசி ஒலித்தது.

"அண்ணே, ரெண்டு தடவ எறங்கப் பாத்தாங்க, முடியல. காத்து கண்ணுமண்ணு தெரியாம அடிக்கிது. திருச்சிக்குப் போகச் சொல்லிட்டாங்க" என்றார் நண்பர்.

நான் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சொன்னேன். மாமா நின்ற இடத்திலேயே தெருவில் உட்கார்ந்துவிட்டார். மழை சடசடவென்று தார்ப்பாய் மேல் விழுந்தது.

மறுபடி ஐஸ் பெட்டியில் வைப்போம், அவன் வரட்டும், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றேன். ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை. நீர்மாலை எடுத்தாயிற்று, கோடி போட்டாயிற்று, இனிமேல் வாசலில் வைத்திருப்பது அந்த ஆத்மாவுக்கே நல்லதில்லை என்றார்கள். ஆளுக்கொரு ஊரில் நடந்த கதையை எடுத்துவிட்டார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"சூலத்துக்குப் பரிகாரம் வச்சிருக்கீங்க. ராகு காலத்துக்கு வழி வச்சிருக்கீங்க. பெத்த மகன் மொகம் பாக்குறதுக்கு மட்டும் ஒண்ணும் கெடையாதா?" என்று கத்தினேன். தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். அம்மா இருந்திருந்தால் ஏதாவது ஒரு தீர்ப்புச் சொல்லி அத்தனை பேர் வாயையும் அடைத்திருப்பாள். அவள்தான் பெஞ்சில் படுத்திருந்தாள்.

தம்பியே கூப்பிட்டான். திருச்சியில் விமானம் நின்றுகொண்டிருந்தது.

"கதவத் தொறக்க மாட்டேங்கறாங்கண்ணே. எறக்கி விடுங்க, டாக்ஸி புடிச்சுப் போயிருறேன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். மதுரைக்குப் போற விமானமாம், இங்க ஆள எறக்க அனுமதி இல்லையாம். மழை விட்டதும் திரும்ப மதுரைக்கே வருமாம். எப்பன்னு தெரியாதுங்கறாங்க."

பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"குளிப்பாட்டிட்டாங்களா?" என்றான்.

"ம்."

"சத்தத்தக் கேட்டுட்டாங்களாக்கும்."

வீடியோவில் முகத்தைக் காட்டவா என்று கேட்டேன்.

"வேணாம்ணே. இத்தன நாளும் போன்லதான பாத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு, "நீயே தூக்கிருண்ணே" என்றான்.

குடத்தைத்தான் சொன்னான்.

மழை கொஞ்சம் விட்டதும் எடுத்தோம். சுடுகாடு கண்மாய்க்கு அந்தப் பக்கம். பெயர்தான் சுடுகாடு, எங்கள் சனம் புதைப்பதுதான் வழக்கம். வழி நெடுக மாமா, "மெதுவாப் போங்கப்பா, ஈரம், வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கேயும் வழுக்கவில்லை. தார் ரோடு அது. தூக்கிக்கொண்டு போனவர்களும் புரிந்துகொண்டு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்கள். சுடுகாட்டில் எனக்கு மொட்டை போட்டார்கள். குடத்தைத் தோளில் வைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகப் போட்டு உடைத்தேன். எனக்கு இது இரண்டாவது தடவை. இது என்னுடைய வேலையே இல்லை என்ற நினைப்பு மூன்று சுற்றிலும் போகவில்லை. கடைசியாக முகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாரும் பார்த்தோம். மாமா மட்டும் வடக்கே வானத்தைப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் பொறுப்போம்" என்றார். பொறுத்தோம். இருட்டத் தொடங்கியது. அவரே முதல் கை மண்ணை அள்ளிப் போட்டார்.

திரும்பிக் கண்மாய்க் கரையில் வரும்போது விமானம் இறங்கியது. விளக்குகளைப் போட்டுக்கொண்டு, ஒரு தடங்கலும் இல்லாமல், அன்றாடம் இறங்குவது மாதிரி இறங்கியது. யாரும் தலையைத் தூக்கவில்லை. வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. சாவு வீட்டில் பற்றவைப்பதும் இல்லை.

காரியம் செய்தவன் வேறெங்கும் போகக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். காதில் வாங்காமல் காரை எடுத்தேன். பயணிகள் வெளியே வரும் வாசலில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு குடும்பம் பலூனும் மாலையும் வைத்துக்கொண்டு யாருக்கோ காத்திருந்தது. தம்பி பெட்டி இல்லாமல் ஒரு தோள்பையோடு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைத்தான் பார்த்தான். பக்கத்தில் வந்து என் மொட்டைத் தலையில் கையை வைத்து, "ஈரமா இருக்கு" என்றான்.

வீட்டு வாசலில் இறங்கியவன் உள்ளே போகவில்லை. பந்தலுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தான். மழைத் தண்ணீர் தேங்கித் தார்ப்பாய் நடுவில் தொங்கியது. மாமா எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவன் அழவில்லை. என்னிடம்தான் பேசினான்.

"எனக்குச் சன்னல் சீட்டுண்ணே. ரெண்டாவது தடவ திரும்புறப்ப நம்ம தெருவுக்கு மேலதான் வந்துச்சு. பச்சத் தொட்டி தெரிஞ்சுச்சு. சனம் பூரா வெளிய வந்து வெள்ள வெள்ளையா நின்னீங்க. அம்புட்டுப் பேரையும் பாத்தேன்."

கையை உயர்த்தித் தார்ப்பாயைத் தொட்டான். தண்ணீர் அவன் முழங்கை வழியாக இறங்கியது.

"இது மட்டும் இல்லாம இருந்திருந்தா அம்மாவையும் பாத்துருப்பேன்."

அத்தனை உயரத்திலிருந்து முகம் தெரியாது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அம்மா குளித்து, மஞ்சள் பூசி, புதுச் சேலை போர்த்தி, முகத்தை மேலே வைத்து, அந்தத் தார்ப்பாய்க்கு நேர் கீழேதான் படுத்திருந்தாள்.

பந்தலை மூன்று நாள் பிரிக்கக் கூடாது என்று மாமா சொன்னார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். தம்பி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். மத்தியானம் நான் இறுக்கிக் கட்டச் சொன்ன முடிச்சு மழையில் ஊறி இன்னும் இறுகிக் கிடந்தது. நகம் பிய்கிற வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். அவிழவில்லை.